குளிர்நாட்டுப் பூக்காரர்

ரவாங்கில் எந்தத் தாமானுக்குப் போனாலும் வரிசைக்கு ஒருவர் இருப்பார். பென்சன்காரர். அரைக்கால் சட்டை, கழுத்தில் குட் மார்னிங் துண்டு. கேட்டருகே நின்றுகொண்டு, "தம்பி, உள்ள வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்பார். ஒரு தே ஓ கிடைக்கும் என்று நம்பிப் போனால் தொட்டி நிறைய மண்ணைக் காட்டுவார். உள்ளே ஸ்காபியோசா இருக்கிறதாம். இன்னும் முளைக்கவில்லையாம்.

ஐரோப்பாவின் மேய்ச்சல் நிலங்களிலும் காக்கசஸ் மலைப்பக்கமும் வளரும் பூ அது. ஊதாவும் இளநீலமுமாக இருக்கும்; நடுவில் மகரந்தத் தாள்கள் குண்டூசிகளாக நீட்டிக்கொண்டிருக்கும். 2000இல் அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிச் சங்கம் இதில் 'பட்டர்ஃபிளை புளூ' வகையை ஆண்டின் சிறந்த செடியாகத் தேர்ந்தெடுத்ததை, கேட்காமலே சொல்வார். விதை ஷாப்பீயில் வரும். ஒவ்வொன்றும் எறும்பு ஆடுகிற பூப்பந்து மாதிரி, காகித விசிறி கட்டிக்கொண்டிருக்கும். அதை ஈர டிஷ்யூவில் சுருட்டி ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்தில் வைப்பார். முட்டை வெளியே வந்துவிடும்.

"நம்ம ஊர் க்ளைமேட்டுக்கு வருமா அங்கிள்?" என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. "நாட்டுக்கே முதல் கரண்ட் எங்க வந்துச்சு? 1894ல, இதே ரவாங்லதான் லா! லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஈயச் சுரங்கத்துக்குக் கொண்டாந்தாங்க. அதையும் வராதுன்னுதான் சொல்லியிருப்பானுங்க." மின்சாரத்துக்கு வேர் அழுகாது என்பதைச் சொல்ல நமக்கு வாய் வராது.

அடுத்து மண். இந்தச் செடிக்குச் சுண்ணாம்புச் சத்து பிடிக்கும். இதில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. "புக்கிட் தக்குன் பூராவும் சுண்ணாம்புக்கல், ஊருக்குள்ளயே சிமெண்டு ஆலை, இதைவிட என்ன வேணும்?" என்பார். வீட்டு முன்வாசலைத் தோண்டினாலும் மேம்பாட்டாளர் புதைத்துவிட்டுப் போன செங்கல்லும் காரையும்தான் வரும். ஸ்காபியோசாவுக்கு அது சொர்க்கமாகத்தான் இருக்கவேண்டும். கோளாறு மண்ணில் இல்லை, ராத்திரியில் இருக்கிறது. செடி கேட்பது குளிர்ந்த இரவு, நீர் தேங்காத வேர். ரவாங்கில் நள்ளிரவிலும் 23 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சாயங்காலமானால் மழை வேறு. பாக்கெட்டில் பல்லாண்டுச் செடி என்று போட்டிருக்கும். இங்கே அது அடுத்த பள்ளி விடுமுறையைப் பார்த்தாலே அதிகம்.

ஆகவே மழைக்குத் தொட்டிமேல் குடை பிடிப்பார். ராத்திரி பத்து மணிக்கு ஐஸ் கட்டி வைப்பார். "ஏங்க, எனக்கு ஒரு சீரகத் தண்ணி வெச்சுக் குடுக்க ஆளில்லை, அதுக்கு ஐஸ் தண்ணியா?" என்று உள்ளேயிருந்து வீட்டம்மா கேட்பார். அந்த அம்மாவுடைய கறிவேப்பிலை மரமும் மல்லிகையும் அரிசி கழுவின தண்ணியிலேயே வேலி தாண்டி வளர்ந்து நிற்கும். தாமானே வந்து கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு போகும். இவருடைய தொட்டியை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவருடைய உண்மையான துக்கம் இதுதான் என்பது என் ஊகம்.

சுங்கை பூலோ நர்சரிகளிலும் விசாரித்துவிட்டார். 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பை ஒட்டி, அங்கே வாழ்ந்தவர்களே செடி விற்று வளர்த்த இடம் அது. மண்ணை நன்றாக அறிந்தவர்கள், "காகிதப்பூ எடுத்துட்டுப் போங்க அங்கிள்" என்றார்கள். இவருக்கு அது அவமானம். வண்டியை நேரே கேமரன் மலைக்கு விட்டார். "அங்க வருது, இங்க வராதா? ரெண்டும் ஒரே நாடுதானே!" நடுவில் இருக்கிற ஆயிரத்து நானூறு மீட்டர் ஏற்றத்தை அவர் கணக்கில் எடுப்பதில்லை. வாங்கிவந்த தொட்டியில் மொட்டு ஒன்று இருந்தது. மலையில் பிடித்த மொட்டு, ரவாங்கில் விரிந்தது. போதாதா? வரிசை முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, "இனி போலே மாக்கான் கா?" என்று கேட்டார். தின்ன முடியாது என்று தெரிந்ததும் கறிவேப்பிலை பக்கம் போய்விட்டார்.

செடி அடுத்த வாரமே கழுத்தழுகிச் சாய்ந்தது. அவர் சாயவில்லை. "ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டைக் காலி பண்ணும்மா. டூலிப் கிழங்கு வருது, பன்னெண்டு வாரம் குளிர்ல இருக்கணுமாம்."

"பன்னெண்டு வாரமா? நடுவுல தீபாவளி வருதுங்க. ஆட்டிறைச்சிய எங்க வைக்கிறது, உங்க தொட்டியிலயா?"