படுத்துக்கிட்ட மாடு

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. வெத்தலையை இடிச்சுக்கிட்டே சொல்லுதேன். எனக்குப் பல்லுதான் போச்சு, நாக்கு இன்னும் இருக்கு.

நீ படிச்ச பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு உன்னையப் பேசக் கூப்பிட்டிருக்காகளாமே, சந்தோசம். நேத்து ராத்திரி நீ மனப்பாடம் பண்ணுனதைத் திண்ணையில படுத்தே கேட்டேன். லிங்கன் அப்படிப் படிச்சாராம், எடிசன் ஆயிரம் தடவை தோத்தாராம். அவுகளை எந்தச் சந்தையிலலே பாத்தே? கேட்டா, "எங்கிட்ட சொல்ல என்ன தாத்தா இருக்கு"ங்கே. அதுவும் சரிதான். 14 வருசமாத் திருப்பூர்ல காத்துதானே வாங்கிட்டு வாரே!

கைமடியாப் போய்ச் சேந்தே. ஓவர்லாக்குல உக்காந்தே. இன்னைக்குக் கட்டிங் மாஸ்டர். புதுசுல அட்டையை மாத்தி வச்சு, தடியன் பனியனுக்குச் சின்னப்புள்ளை கையை வெட்டித் தள்ளுனியாமே! சனிக்கிழமை சம்பளக் கவர் காலியா வந்ததாமே! உங்க அத்தை மக கலியாணப் பந்தியில நீ அதைச் சொல்லச் சொல்ல எனக்குச் சாம்பார் மூக்குல ஏறிருச்சு. அதைப் பேசேம்லே மைக்குல!

நம்ம இடைசெவல் கி.ரா.வைப் பாரு. பள்ளிக்கூட வாசல் அவருக்கு மழைக்கு ஒதுங்கத்தான் ஆச்சு. சம்சாரி பேசுன பேச்சையே அகராதியாப் போட்டாரு. கோபல்லபுரத்து மக்கள் கதைக்கு 1991ல சாகித்ய அகாதெமிக்காரன் பரிசு குடுத்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியராக்குச்சு. அதே புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளைன்னு ஒரு துபாசி, 1736ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும், கப்பல் வந்தது, எவன் எவனோட மல்லுக்கட்டுனான்னு ஒண்ணு விடாம எழுதி வச்சுட்டுப் போனாரு. இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. ஊர் லைப்ரரியில ஃபேன் இருக்குடா, நம்ம வீட்டுல இல்லை.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. சாமர்த்தியம் பண்ணுனதைச் சொன்னா சனம் கொட்டாவி விடும். ஏமாந்ததைச் சொல்லு, காதைத் தீட்டிக்கிட்டு உக்காரும்.

எனக்கே ஒண்ணு இருக்கு. நாப்பது வருசமா வாயைத் திறக்கலை. மாட்டுத்தாவணியில ஒரு மயிலைக் காளை பிடிச்சேன். நாலு பல்லு, நல்ல திமில், சுழியெல்லாம் சுத்தம். வண்டியில பூட்டி ஓட்டிப் பாத்தேன், மாப்பிள்ளை மாதிரி நடந்துச்சு. துண்டுக்குள்ள தரகன் விரலைப் பிடிச்சேன், விலை முடிஞ்சுது. மறுவாரம் பருத்திப் பாரம் ஏத்தி ஓடைக்கரை வரைக்கும் போயிருப்பேன். பொத்துனு படுத்துக்கிடுச்சு. வாலை முறுக்குனேன், கடிச்சேன், கும்பிட்டேன். அது பாட்டுக்கு அசை போடுது! வெறும் வண்டின்னா நடக்கும், பாரம்னா படுக்கும், அதான் அதோட குணம். பாரம் ஏத்திப் பாக்காம மாடு பிடிக்கக் கூடாதுன்னு அந்த ஓடையில வச்சுத்தான் எனக்கு உறைச்சுது. நல்ல வேளை, பாதையில ஈ காக்கா இல்லை. வெக்கத்தோட வெக்கமா மூட்டையைத் தலையில சுமந்து வீடு சேத்தேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. விட்டிருந்தா ஊர்ல இன்னொருத்தன் தப்பிச்சிருப்பான்.

அந்த இன்னொருத்தன் எவன்னுதானே கேக்கப் போறே? வெறும் வண்டியில பூட்டித்தான் அவனுக்கும் ஓட்டிக் காமிச்சேன். துண்டுக்குள்ள என் விரலைப் பிடிச்சுட்டு, மறுபேச்சு இல்லாமத் துட்டை எண்ணி வச்சுட்டுப் போனான். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் தினமும் என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்து டீக் குடிச்சான். மாட்டைப் பத்தி அவனும் ஒரு வார்த்தை பேசலை, நானும் பேசலை.

உங்க அப்பனைப் பெத்தவன்தாம்லே அவன்.