மாட்டு டாக்டர் வீட்டுக்காரி

மனுஷ டாக்டருக்கும் மாட்டு டாக்டருக்கும் படிப்பு, பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம்தான். மனுஷ டாக்டருக்கு ஒரே வகை உடம்பு. எங்கே வலிக்கிறது என்று அது வாய் திறந்து சொல்லும். என் வீட்டுக்காரருக்குப் பசு, எருமை, ஆடு, நாய், கோழி எல்லாமே பாடம். ஒன்றும் பேசாது, சில உதைக்கும். ஆனாலும் பெண் பார்க்க வந்தபோது என் பெரியம்மா கேட்டது, "ஏனுங் தம்பி, மனுசங்களுக்குப் பார்க்க மார்க்குப் பத்தலைங்களா?"

கல்யாணங்களுக்குப் போகாமல் இல்லை, முழுசாகச் சாப்பிட்டதுதான் இல்லை. மாட்டுக்குக் காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் சினை ஊசி; சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. பந்தியும் சரியாக அப்போதுதான் நடக்கும். "டாக்டரே, நம்ம செவலை ராத்திரியெல்லாம் கத்துதுங்க, வழும்பு அடிக்குதுங்க" என்று நான்கு இலை தள்ளி ஒருவர் விவரிப்பார். பாயசம் அப்போதுதான் எங்கள் இலைக்கு வந்திருக்கும்.

நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்குத் தோள்வரை கைவிட்டு வரும் நாளில் அந்த வாடை டெட்டாலுக்கும் அசையாது, எலுமிச்சைக்கும் அசையாது. தெருநாய்கள் மட்டும் மரியாதையாக வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போகும்.

கன்று போட்ட பசு கால்சியம் குறைந்து, கழுத்தை மடக்கிப் படுத்துவிடும். பால் காய்ச்சல் என்று பேர். உடம்பு என்னவோ சில்லென்றுதான் இருக்கும். கால்சியத்தை நரம்பில் மெல்ல இறக்க வேண்டும், அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். நடுச்சாமத்தில் துடிப்பைக் கேட்டபடியே இறக்குவார். பசு எழுந்துவிட்டால் காப்பாற்றியது மாரியாத்தா. அவளுக்குப் பொங்கல், இவருக்கு ஒரு தேங்காய். எழாவிட்டால்தான் வைத்தியம் பார்த்தது டாக்டர்.

கன்று வீசிய மாடு ஒன்றிடமிருந்து புரூசெல்லாவையும் வாங்கி வந்தார். காய்ச்சல் வந்து வந்து போனது, மூட்டெல்லாம் வலி. டைபாய்டு என்றார் ஒரு மனுஷ டாக்டர். நோயாளியே படுத்தபடி எந்த ரத்தப் பரிசோதனை என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆறு வாரம் மாத்திரை.

அப்போது ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார் ஒரு தோட்டக்காரர். "உடம்பு எப்படிங்க இருக்கு?" என்றார். பதிலுக்குக் காத்திராமல், "எருமை அசையே போடறதில்லைங்க."

இவர் தலையணையைச் சாய்த்து நிமிர்ந்தார். அத்தனை நாளில் அன்றுதான் முகத்தில் ஒரு களை.

"சாணி எப்படிப் போடுது?"

நான் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன்.