வெந்நீரைச் சும்மா விடுதல்: அம்பத்தூர்ப் பூவடிநீர் பற்றிய ஓர் ஆய்வு

தேயிலைத் தூளின் ஒரு துகளும் சேராமல், உலர்ந்த பூக்களையும் கனிகளையும் வெந்நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு வடித்தெடுக்கும் பானம் இக்கட்டுரையில் பூவடிநீர் எனப்படும். சென்னை மாநகராட்சியின் 7ஆம் மண்டலமாகிய அம்பத்தூருக்குள் இது இரு வாயில்கள் வழியே நுழைந்துள்ளது. 1960களில் சிறு, நடுத்தர ஆலைகளுக்காக உருவாகி, பின்னாளில் கணினி நிறுவனங்களுக்கும் இடம் கொடுத்த தொழிற்பேட்டையின் அலுவலகச் சிற்றுண்டி அறைகளில் அது முக்கோணப் பைக்குள், எல்டர்பெரி என்ற சீமைப் பெயர் பூண்டு, பழச்சுவையும் பூமணமும் உடையது என்ற விளம்பரத்தோடு வீற்றிருக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளிலோ உலர்ந்த செம்பருத்தியாகவும் ஆவாரம்பூவாகவும் காகிதப் பொட்டலத்தில் மடிந்து கிடக்கிறது. விலை, உறை, தன்மானம் ஆகியவற்றில் இவ்விரண்டுக்கும் பெருத்த வேறுபாடு இருப்பினும், இரண்டையும் கெடுக்கும் முறை ஒன்றே என்பதும், அம்முறை நெடுநாள் பயிற்சியால் இவ்வட்டாரத்தில் செம்மை பெற்றுவிட்டது என்பதும் இவ்வாய்வின் முடிபு.

முதலில் சீமைக் கனியின் வரலாறு. எல்டர்பெரி என்பது ஐரோப்பாவின் வேலியோரங்களில் தானாகவே முளைக்கும் சாம்புகஸ் நைக்ரா என்னும் குறுமரத்தின் கருநீலக் கனியாகும். கோடைத் தொடக்கத்தில் அம்மரம் விடும் வெண்பூங்கொத்துகளையும் அந்நாட்டவர் உலர்த்தி வைத்துச் சளிக்கும் காய்ச்சலுக்கும் வெந்நீரில் இட்டுக் குடித்துவந்தனர். டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆன்டர்சன் 1844இல் எழுதிய ஒரு கதையில், கால் நனைந்து சளி பிடித்து வந்த சிறுவனுக்குத் தாய் எல்டர் பூவடிநீர் தயாரிக்க, கெண்டியின் மூடி தானே உயர்ந்து, உள்ளிருந்து கிளைகள் கிளம்பி, பூத்த மரமொன்றின் நடுவே ஒரு மூதாட்டி காட்சி தருகிறாள். வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் வரை நனைந்து வீடு திரும்பிக் காய்ச்சலில் விழும் அம்பத்தூர்ச் சிறுவனுக்கு வாய்ப்பது நிலவேம்பு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பற்படாகம் முதலிய ஒன்பது சரக்குகள் கூடிய நிலவேம்புக் குடிநீர். அதன் பாத்திரத்திலிருந்து மூதாட்டி எவரும் தோன்றுவதில்லை, அதை அச்சிறுவன் தொண்டைக்குள் இறக்குவதற்கே ஒரு மூதாட்டி தேவைப்படுகிறாள்.

ஔவையிடம் முருகன் கேட்டதாகச் சொல்லப்படும் சுட்ட பழம், சுடாத பழம் பற்றிய வினாவை உரையாசிரியர்கள் தத்துவமாகவே விளக்கிவருகின்றனர். ஆனால் அது நாவல்மரத்தடியில் அல்லாது எல்டர் மரத்தடியில் கேட்கப்பட்டிருந்தால் வெறும் உடல்நல வினாவாகவே நின்றிருக்கும். எல்டரின் இலையிலும் தண்டிலும் காயிலும் விதையிலும் சயனைடை வெளியிடக்கூடிய பொருள்கள் உள்ளமையால், சமைக்காத கனியை மிகுதியாகத் தின்றவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். வெப்பம் இப்பொருள்களைச் சிதைக்கும். ஆகவே உலர்ந்த எல்டர்பெரியைத் தனியாக வாங்கியவர் அதை வெந்நீரில் வெறுமனே முக்கி எடுக்காமல், சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம் கொதிக்கவிடல் வேண்டும். பூவுக்கு இவ்விதி பொருந்தாது என்பதை நினைவிற்கொள்க. பின்வரும் குழப்பங்களுள் பெரும்பாலானவை, கொதிக்கவிடும் விதியைப் பூவின் மேலும் ஏற்றியதால் விளைந்தவையே.

இனி இவ்வூருக்கும் அக்கனிக்கும் உள்ள உறவு. எல்டர்பெரியின் கருஞ்சிவப்புக்குக் காரணமான நிறமிகள் ஆந்தோசயனின் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றோடு பிணைந்திருக்கும் ஒரு சர்க்கரை இம்மரத்திலேயே அறியப்பட்டதால் சாம்புபயோஸ் என்று பெயர் பெற்றது. இதே சர்க்கரையைச் சுமந்த நிறமியே சிவப்புப் புளிச்சையின் புல்லியிலும், அதாவது பூ உதிர்ந்த பின் காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு நிற்கும் செந்நிற உறையிலும், நிறைந்திருக்கிறது. எகிப்தும் சூடானும் இதைக் கர்கடே என்றும், மெக்சிகோ ஹமைக்கா என்றும், செனகல் பிஸ்ஸாப் என்றும் குடிக்கின்றன. கடைகளில் எல்டர்பெரிப் பை என்று விற்கப்படுபவற்றிலும் புளிப்புக்கும் நிறத்துக்கும் உழைப்பது பெரும்பாலும் இப்புளிச்சையே, எல்டர்பெரி பெயரளவில் உடன் வருகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தோடு நெடுங்காலம் கூடி வாழ்ந்த அம்பத்தூர், புளிச்சையின் இலையைக் கோங்குரா என்று கடைந்தும் தொக்காக்கியும் உண்டு தீர்த்ததே தவிர, புல்லியைக் குடிக்க எண்ணவில்லை. சீமை மரத்தின் உறவுக்காரியைக் கீரைக்கட்டில் பார்த்தும் அடையாளம் காணாத இந்நிலை வருந்தத்தக்கது.

மதில்சுவர் ஓரத்துச் செம்பருத்தியோ இப்புளிச்சைக்கு நெருங்கிய இனமாயினும், நிறமியோடு வேறொரு சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டதோடு, புளிப்பை முற்றும் துறந்துவிட்டது. அதனால்தான் செம்பருத்தி வடிநீரில் எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டியிருக்கிறது. பூக்களுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது: பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி நந்தவனம் வளர்த்துக் காஞ்சி வரதருக்குப் பூமாலை சுமந்தவர், திருமுல்லைவாயிலில் மன்னன் ஏறிவந்த யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியதாகத் தலபுராணம் கூறுகிறது. ஆயினும் இப்பூக்கள் யாவும் இறைவனுக்கும் கூந்தலுக்குமே உரியனவாக இருந்தன, கெண்டிக்குள் புகவில்லை; அப்படியே இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு. திருமுல்லைவாயில் கோயிலில் தூணாக நின்று வணங்கப்படும் எருக்கும், சாலைத் தடுப்புகளில் செழித்து நிற்கும் அரளியும் கொடிய நஞ்சுடையவை. சிவந்த பூ எல்லாம் செம்பருத்தி என்று கருதி அரளியைப் பறித்து ஊறவைப்பவர் இக்கட்டுரையின் பிற பகுதிகளைப் படிக்க வேண்டிய தேவை இராது.

அம்பத்தூர்ப் பூவடிநீரியலின் நடுநாயகமான சிக்கல் நீர். இங்குள்ள இல்லங்களில் பொதுவாக மூவகை நீர் உண்டு: மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றும் போர் தண்ணீர், குழாயிலோ லாரியிலோ வரும் மெட்ரோ தண்ணீர், தோளில் ஏறி மாடிப்படி கடந்து வரும் 20 லிட்டர் கேன் தண்ணீர். ஒரே செடியில் ஒரே காலையில் பறித்த செம்பருத்தி, இம்மூன்றிலும் மூன்று நிறம் காட்டக்கூடும் என்பதைப் பலர் அறிந்திருந்தும், அதைச் செடியின் கோளாறு என்றோ சகுனம் என்றோ கொண்டனர். காரணம் எளிது. ஆந்தோசயனின் நிறமிகள் புளிப்பான நீரில் சிவந்தும், நடுநிலையில் ஊதாவாகியும், காரத்தன்மையில் நீலமும் பச்சையும் ஏறியும் நிற்பவை. கடின நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பு, நீர் கொதிக்கும்போது கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டு நீரை மேலும் காரமாக்குகிறது. உடன் பிரியும் சுண்ணாம்பே பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, இல்லத்தரசிகளால் புளியும் சாம்பலும் கொண்டு தேய்க்கப்படுவது. ஆகவே போர் தண்ணீரை நெடுநேரம் காய்ச்சி அதில் செம்பருத்தி இட்டவர்க்கு, சோப்பு நுரை கழுவிய நீர் போன்றதொரு மங்கல் ஊதா கிட்டுவதில் வியப்பில்லை. உப்பு குறைந்த கேன் நீரிலோ வடிகட்டிய நீரிலோ அதே பூ தன் சிவப்பைப் பெரும்பாலும் காக்கிறது. புளிச்சையின் புளிப்பு தன்னளவிலேயே நீரின் காரத்தை அடக்கிவிடுவதால் அதற்கு இச்சிக்கல் குறைவு. போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டார் புளிச்சையைத் தேர்தல் நன்று. அலுமினியப் பாத்திரம் எவ்விடத்தும் ஆகாது, புளிப்பு அதை அரிப்பதோடு உலோகம் நிறமியோடு கூடி நிறத்தையும் கெடுக்கும். எவர்சில்வரும் கண்ணாடியும் பீங்கானும் ஏற்றவை.

நீர் அமைந்த பின், செய்முறையில் இரு கட்சியினர் எதிரெதிர் நிற்கின்றனர். கொதிக்கவிடுவோர் எனப்படும் முதற்கட்சியினர் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். அடுப்பின்மேல் உள்ள எதுவும் பொங்கினால்தான் வெந்தது என்பது அவர்களுடைய அளவை நூல். இக்கொள்கைக்கு இரு மூலங்கள் உள. ஒன்று, தேநீர்க் கடை மாஸ்டரின் மரபு. பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாய்க் கொதித்து நிறம் ஏறும் வரை அவர் தீயைத் தணிப்பதில்லை. மற்றொன்று சித்த மருத்துவம். அதில் குடிநீர் என்பது சரக்குகளை நீரிலிட்டு நான்கில் ஒரு பங்காகவோ எட்டில் ஒரு பங்காகவோ வற்றக் காய்ச்சுவது, வேரும் பட்டையும் கட்டையும் தம் சாரத்தை விடுவதற்கு அது இன்றியமையாதது. இரு மரபுகளும் தத்தம் துறையில் பிழையற்றவை. பூவின் இதழ் மட்டும் வேரும் அன்று, பட்டையும் அன்று. வெந்நீர் பட்டவுடனேயே நிறத்தைக் கொடுத்துவிடும் அதைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு கிளம்பி அடுத்த வீட்டார்க்குச் செல்ல, கசப்பும் துவர்ப்பும் மட்டுமே டம்ளரில் எஞ்சும்.

மூடிவைப்போர் எனப்படும் இரண்டாம் கட்சியினரின் முறை பின்வருமாறு. ஓர் ஆளுக்கு 200 மில்லிலிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர்ந்து அடுப்பை அணைத்து, அதில் உலர்ந்த புளிச்சைப் புல்லி 2 கிராம், அதாவது சிறு தேக்கரண்டி நிறைய, அல்லது காம்பும் நடுத்தண்டும் நீக்கிய புதுச் செம்பருத்தி மூன்று நான்கு, விருப்பமுள்ளோர் பன்னீர் ரோஜா இதழ் சிறிது இட்டு, தட்டால் மூடி 5 முதல் 7 நிமிடம் தொடாமல் வைத்து வடிக்க வேண்டும். எல்டர்பெரிக் கனியும் சேர்ப்பவர், கனியை முன்சொன்னவாறு முதலில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின்னரே பூவை இடுதல் வேண்டும். மூடி இன்றியமையாதது, மணம் தரும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை, மூடியின் அடியில் படியும் நீர்த்துளிகளோடு அவை மீண்டும் பாத்திரத்துக்குள்ளேயே விழும்.

இம்முறையில் கடினமானது அந்த ஏழு நிமிடமே. தாமதமின்றி ஓடும் மின்சார ரயில் கொரட்டூரில் புறப்பட்டுப் பட்டரவாக்கத்தில் நின்று அம்பத்தூர் வந்து சேர ஏறக்குறைய இவ்வளவு நேரம் ஆகும். பெட்டியில் தொங்கிக்கொண்டு இந்நேரத்தைப் பொறுமையாகக் கழிக்கும் அதே மனிதர், அடுப்படியில் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, கரண்டியால் கலக்கி, நிறம் போதவில்லை என்று முடிவு செய்து, மீண்டும் அடுப்பைப் பற்றவைக்கிறார். பையை நூலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவதும், கடைசியில் கரண்டிக்கும் விரலுக்கும் இடையில் வைத்துப் பிழிவதும் அலுவலகத்தாரிடையே காணப்படும் இதே நோயின் வேறு வடிவங்கள். வெந்நீரைச் சும்மா விடுதல் என்பது இவ்வட்டாரத்தில் இன்னும் கற்பிக்கப்படாத கலை.

பால் பற்றி ஒரு சொல். விருந்தினர்க்குப் பாலற்ற பானம் தருதல் கஞ்சத்தனமாகக் கருதப்படும் சமூகத்தில், யாரேனும் ஒருவர் அன்பின் மிகுதியால் புளிச்சை வடிநீரில் பாலை ஊற்றியே தீருவார். பாலின் புரதமாகிய கேசின், அமிலக் குறியீடு 4.6 அளவுக்கு இறங்கியதும் திரிந்து கட்டியாகும். புளிச்சை வடிநீரோ அதற்கும் வெகு கீழே நிற்பது. விளையும் பொருள் இளஞ்சிவப்புத் தயிருக்கும் பன்னீருக்கும் இடைப்பட்டது, எதற்கும் உதவாதது. இனிப்பு வேண்டுவோர் பனங்கற்கண்டு சேர்க்கலாம். தேன் சேர்ப்பவர் வடிநீர் இளஞ்சூட்டுக்கு வரும்வரை காத்திருத்தல் நன்று, ஆனால் காத்திருத்தலில் இவ்வூரார்க்குள்ள பயிற்சி முன்னரே கூறப்பட்டது.

பயன் குறித்துக் கடைக்காரர்கள் சொல்வனவற்றைத் தொகுத்தால் முடி உதிர்வு முதல் கடன் தொல்லை வரை யாவும் நீங்கும். சான்று உள்ளதோ சிறிதளவே. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சற்றே மிகுந்த இரத்த அழுத்தமுள்ள 65 பேரில் ஒரு பகுதியினர் ஆறு வாரம் நாள்தோறும் மூன்று கோப்பை புளிச்சை வடிநீர் குடித்ததில், அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரியாக 7 அலகு குறைந்தது. ஆகவே இரத்த அழுத்த மாத்திரை உண்பவரும் கருவுற்றவரும் மருத்துவரைக் கேட்காமல் இதை நாள்தோறும் குடிக்கலாகாது. மிஞ்சியதை மறுநாள் சூடேற்றிக் குடிக்கும் வழக்கமுடையோர்க்கு: சித்த மருத்துவம் குடிநீருக்கு விதித்த ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம், பூவடிநீருக்கும் அதையே கொள்க, தாண்டியதைக் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகப் போடுக.