உரிமையாளர், பதிவு நிலுவையில்

அனுப்புநர்:
இந்த மடிக்கணினியை 2013-ல் முழுப் பணம் கொடுத்து வாங்கியவர்.

பெறுநர்:
உயர்திரு செக்யூர் பூட் அவர்கள்,
வாயில் காப்பு அலுவலர்,
மதர்போர்டு.

பொருள்: வைஃபை டிரைவரை உள்ளே விடக் கோரி மூன்றாம் நினைவூட்டல்.

ஐயா,

தாங்கள் என் மடிக்கணினிக்குள்ளேயே அலுவலகம் நடத்திவருவது பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. 11-க்கு ஏறுவதென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், அந்த விதி எழுதப்படும் முன்பே பிறந்துவிட்டது என் மடிக்கணினி. சர்வீஸ் கடைத் தம்பி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எக்ஸ்சேஞ்சுல ஆயிரத்தைந்நூறு போடலாம் சார், பையோட சேர்த்து” என்றார். அந்தப் ‘பையோட சேர்த்து’தான் என்னை லினக்ஸ் பக்கம் தள்ளியது.

கணினிக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் போட்டபடியே ஓடும். கீபோர்டில் ‘கே’ எழுத்தை மட்டும் இரண்டு தடவை அழுத்திச் சொல்ல வேண்டும். வயசானவர்களிடம் இதெல்லாம் சகஜம்.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினேன். வாசலிலேயே மறிப்பீர்கள் என்று பயமுறுத்தியிருந்தார்கள். மறிக்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் தச்சர் ஒரு மரச்சீவலைச் செருகுவாரே, அதற்கு ஆங்கிலத்தில் ஷிம் என்று பெயர். 2012-ல் மேத்யூ காரெட் என்ற நிரலாளர் அதே பெயரில் ஒரு சின்ன நிரலைக் கொண்டுவந்தார். மைக்ரோசாஃப்ட் கையெழுத்துப் போட்ட அந்தச் சீவல் முதலில் உள்ளே நுழையும். பிறகு தன் பொறுப்பில் லினக்ஸைக் கைபிடித்து அழைத்து வரும். ஆளுங்கட்சி வாங்கிக் கொடுத்த பாஸில் எதிர்க்கட்சிக்காரர் உள்ளே வருவது மாதிரி. தங்கள் ஏட்டில் அந்தக் கையெழுத்து இருக்கிறது. ரசீது வைத்திருக்கும் என்னுடையது இல்லை.

லினக்ஸ் அரை மணியில் ஏறியது. ஸ்பீக்கர் பேசியது, பிரிண்டர்கூடக் கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்டது. வைஃபை மட்டும் இல்லை. வைஃபை சிப்பைச் செய்தவர்கள் டிரைவரின் மூலநிரலைத் திறந்து கொடுக்கவில்லை. தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு டிரைவர் வேண்டும். முகவரிச் சான்று வாங்கவே முகவரிச் சான்று கேட்கும் ஊரில் வளர்ந்தவன் என்பதால் நான் கலங்கவில்லை. செல்போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங் போட்டு இறக்கிவிட்டேன்.

அப்போதுதான் தங்கள் பெயரைச் சொல்லி லினக்ஸின் கர்னல் மறுக்க, திரையில் ஒரு வரி வந்தது: ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’. டிரைவரில் செல்லுபடியாகும் முத்திரை இல்லை. நாளைக்கு வா என்றுகூடச் சொல்லவில்லை.

இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எம்ஓகே, அதாவது மெஷின் ஓனர் கீ, இயந்திர உரிமையாளரின் சாவி. ஒரு சாவியை உருவாக்கி, அதைக் கொண்டு டிரைவருக்கு முத்திரை குத்தி, இந்தக் கணினிக்கு நான்தான் உரிமையாளன் என்று பதிய வேண்டும். பதிவு அலுவலகம் திறந்திருக்கும் நேரம் பத்து நொடி. ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வரும். பத்து, ஒன்பது என்று எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால் ஷட்டர் இறங்கிவிடும். மனுவை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான். எங்கள் ஊர்ப் பத்திரப் பதிவில்கூட டோக்கன் கொடுத்த பிறகு கொஞ்சம் உட்கார விடுவார்கள்.

முதல் முறை நான் காபி எடுக்கப் போயிருந்தேன். இரண்டாம் முறை எட்டாவது நொடியிலேயே அழுத்திவிட்டேன், பாஸ்வேர்டு கேட்டீர்கள். அதில் ‘கே’ இருந்தது.

தாங்கள் எதற்காக இருக்கிறீர்கள் என்று தெரியாமல் எழுதவில்லை. இயங்குதளம் கண்விழிக்கும் முன்பே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் பூட்கிட் வகை நச்சுநிரல்களைத் தடுக்கத்தான், 2011-ல் வெளியான யூஇஎஃப்ஐ 2.3.1 விதிகளில் தங்கள் பதவியை எழுதிவைத்தார்கள். தேவையான பதவிதான். ஆனால் எல்லா அப்டேட்டும் போட்ட விண்டோஸ் 11 கணினிகளிலேயே பிளாக்லோட்டஸ் என்ற பூட்கிட் தங்களைத் தாண்டிப் போனது 2023-ல் வெளியே தெரிந்துவிட்டது. அது சுவரேறிக் குதிக்கவில்லை. ஓட்டை என்று தெரிந்தும் ரத்துப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்த பழைய கோப்பு ஒன்றைக் காட்டியது. கையெழுத்து முறையாக இருந்ததால் தாங்கள் சல்யூட் அடித்து அனுப்பினீர்கள். என் வைஃபை டிரைவரிடம் அப்படியொரு பழைய அட்டைகூட இல்லை, பாவம்.

பொறுமை போய்த் தங்களை சஸ்பெண்ட் செய்யத் துணிந்தேன். எஃப்2 அழுத்தி மதர்போர்டின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால், தங்கள் பெயர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடக்கிறது. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான் அதைத் தொடவே முடியுமாம். ஆகவே என் கணினிக்கு என்னை நானே சூப்பர்வைசராக நியமித்து, நானே பதவியேற்று, முதல் கோப்பில் தங்களை சஸ்பெண்ட் செய்தேன். வைஃபை வந்தது. மூன்று வாரம் நிம்மதி.

பிறகு எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்பென்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். மதர்போர்டில் சட்டைப் பொத்தான் மாதிரி சிஆர்2032 என்றொரு செல் இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. பன்னிரண்டு ஆண்டு உழைத்து, அது எப்போதோ சத்தமில்லாமல் கண்ணை மூடியிருக்கிறது. மதியம் கரண்ட் வந்தபோது கணினி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் புத்தியோடு விழித்தது. தாங்கள் பழைய நாற்காலியில், சஸ்பெண்டான காலத்துச் சம்பளப் பாக்கியும் வாங்கிக்கொண்ட முகத்தோடு.

நாற்பது ரூபாய்க்குப் புது செல் வாங்கி மாட்டினேன். தங்களை மறுபடி சஸ்பெண்ட் செய்ய உள்ளே போனால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறது. மற்றதையெல்லாம் மறந்த மதர்போர்டு அதை மட்டும் அந்தச் செல்லை நம்பாமல் தனிச் சிப்பில் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைக்காதவன் நான்தான். “நம்ம கல்யாண நாளா இருக்கும், போட்டுப் பாருங்க” என்றாள் மனைவி. போட்டேன். இல்லை. அது தொடர்பாக வீட்டில் தனிக் கோப்பு திறக்கப்பட்டுள்ளது.

ஆகவே பதிவு அலுவலகத்துக்கே திரும்ப வருகிறேன். இன்று இரவு எட்டு மணிக்கு ரீஸ்டார்ட் செய்வேன். காபி குடித்தாயிற்று. புதுப் பாஸ்வேர்டில் ‘கே’ இல்லை. தாங்கள் அந்தப் பத்து நொடியும் இருக்கையில் இருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர் (பதிவு நிலுவையில்)

இணைப்பு:
1. 2013-ஆம் ஆண்டு ரசீது, மை மங்கியது.
2. செத்த செல் ஒன்று.