வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் தலைக்கவச நாற்றம்: ஒரு முன்னோடி ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றுப் படுகை ஊர்கள், செத்த மாட்டின் தோலை அழுகவிடாமல் காப்பதில் தலைமுறைத் தேர்ச்சி பெற்றவை. ஐரோப்பியக் கால்கள் பல ஆம்பூர் ஷூவுக்குள் சுகமாக வாழ்கின்றன. அந்த ஷூவைத் தைத்தவரோ, வேலை முடிந்து வண்டியை உதைத்து ஹெல்மெட்டைக் கவிழ்த்ததும் முகம் சுளிக்கிறார். தோலுக்குப் பதம் சொல்லும் பூமியில் ஹெல்மெட் மட்டும் பதம் கெட்டது ஏன்?

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பட்டியல் உண்டு. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் திரும்பியதால் பட்டியலில் ஓர் இடம் காலி. துவையல் காணாத ஹெல்மெட்டை அங்கே அமர்த்த இக்கட்டுரை முன்மொழிகிறது.

2. முன்னோர் ஆய்வுகள்

கவசம் பற்றிய தொன்மையான சான்று கர்ணன். அவன் கவசம் உடம்போடு பிறந்தது. கழற்றித் துவைத்ததாகக் குறிப்பில்லை. ஒரே ஒரு முறை அறுத்தெடுத்தான், அதையும் இந்திரன் வாங்கிக்கொண்டு போனதால் பராமரிப்புச் செலவு தேவலோகத்தின் தலையில் விழுந்தது. நம் ஹெல்மெட்டைத் தானமாகக் கேட்க எந்த இந்திரனும் வரமாட்டான். வந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு தானம் கேட்பான்.

மேலைநாட்டில், 1935இல் டி.இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை தந்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், வண்டி ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவருடைய ஆய்வுக்குப் பல மண்டைகள் தேவைப்பட்டன. எனக்கு ஒரு மூக்கு போதுமானதாக இருந்தது.

சட்டத்தையும் புரட்டினேன். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கெடுபிடி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதை அணியச் சொல்கிறது. 2019 திருத்தம் அணியாதவருக்கு ரூ.1000 அபராதம் விதிக்கிறது. அலசாதவரைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது போலும்.

3. திணைப் பகுப்பு

ஹெல்மெட் இருக்கும் இடத்தைக் கொண்டு அதன் ஒழுக்கத்தை ஐந்திணையாகப் பகுக்கலாம். தலையில் இருப்பது குறிஞ்சி. கூடலும் கூடல் நிமித்தமான வியர்வையும். வண்டிக் கண்ணாடியில் தொங்குவது முல்லை. வெயிலில் காத்திருக்கும், கண்ணாடி முனை உள்ளே குத்திக் குழி பறிக்கும். பெட்ரோல் டேங்க் மேல் உட்காருவது மருதம். ஊடல் மிகுந்து உருண்டு விழும். முழங்கையில் மாட்டியது பாலை, தலையைப் பிரிந்தது. பரண்மேல் விட்டு வந்தது நெய்தல். போலீஸ்காரர் ரசீது கிழிக்கும்போது இரங்கல் ஒலி கேட்கும். மழைக்காலத்தில் உள்பஞ்சில் படரும் பூஞ்சணத்தைப் பசலை எனக் கொள்க.

4. கருதுகோள்: ஹெல்மெட் ஒரு டேனரி

டேனரியில் நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். பச்சைத் தோலுக்கு முதலில் உப்பு, ஹெல்மெட்டுக்கு வியர்வை. அடுத்து ஊறல், ஆம்பூரிலிருந்து வேலூர் வரை நெடுஞ்சாலையில் மே மாதம் ஒரு முறை வந்தால் ஊறல் முடிந்தது. பிறகு சாயம் ஏற்றல், அதற்கு நாற்பது வயதைத் தாண்டியவர் தலையே சாட்சி. அதன்பின் எண்ணெய் ஊட்டல். காலையில் தடவிய தேங்காய் எண்ணெய் அதைப் பார்த்துக்கொள்ளும். கடைசியில் உலர்த்தல், வேலூர் வெயில் இருக்கவே இருக்கிறது.

இந்தச் சடங்குகள் எல்லாம் நடக்கின்றன. ஆவாரம்பட்டை, கடுக்காய், குரோமியம் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு செய்யும் பதனிடல் மட்டும் நடப்பதில்லை. உப்பிலும் கஞ்சத்தனம். பச்சைத் தோலுக்கு அதன் எடையில் 40 விழுக்காடு வரை உப்பு போடுவார்கள். அதில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்கா. வியர்வையில் இருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் கிருமி குடும்பம் நடத்தும். நாற்றத்தின் காரணம் இதுவே.

இக்கருதுகோளால் ஒரு மூடநம்பிக்கையும் சாய்கிறது. ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்பார்கள். டேனரியில் தோலிலிருந்து முடியைக் கழற்றச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்துக் காரத்தன்மையை 12 பி.எச். அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. வியர்வையோ லேசான அமிலம். ஆகவே முடிக்குத் தாத்தாவைக் கேட்கவும். ஹெல்மெட்டைக் கேட்க வேண்டாம்.

5. களப்பணி

ஆய்வின் பொருட்டு, ஹெல்மெட்டுக்கு முன் ஒத்திகையாக, வண்டி ஓட்டும்போது மாட்டும் என் தோல் கையுறைகளைச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டேன். மாலையில் அவை தட்டினால் ஒலித்தன. டேனரியில் காலம் தள்ளிய ஆம்பூர் பாய் ஒருவரிடம் காட்டினேன்.

“இன்னா தம்பி, இது கிளவுஸா, கருவாடா?”

“துவைச்சேன், பாய்.”

“சோப்புத்தூள் போட்டா உள்ள இருக்கிற எண்ணெ மொத்தமும் பூடும். மேல வெயில் வேற. நாங்க அத்தினி நாளு பாடுபட்டு ஏத்துன பதத்த ஒரே மத்தியானத்துல எறக்கிட்டியே!”

விஞ்ஞானம் பாயின் பக்கம். பதனிட்ட தோல் அமிலப் பக்கம் சாய்ந்தது, சோப்புத்தூள் காரம், இரண்டும் ஒத்துப்போகா. தோலை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, தோலுக்கென விற்கும் கிரீமை மெல்லத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் கூடாது. நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

ஹெல்மெட்டுக்கான முறையும் எளிது. உள்பஞ்சு கழலுமானால் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு சில சொட்டு விட்டு அமுக்கி அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் ஒரு நாள் காயட்டும். முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளை நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் தாமாகவே விட்டுப்போகும்.

மெக்கானிக் கடையில் வேஸ்ட் துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைப்பது மட்டும் ஆகவே ஆகாது. உள்ளே அடி தாங்குவது தெர்மாகோல் இனம். பெட்ரோல் பட்டால் கரையும். வெளியே பளபளக்கும், உள்ளே உயிர் போயிருக்கும். தின்னரும் அப்படியே.

6. முடிவும் தீர்ப்பும்

துவைப்பது எப்படி என்பது தெளிவாகிவிட்டது. துவைப்பது யார் என்பதே மிச்சம். இதற்கான விடையை இந்த வட்டாரமே நாட்டுக்குத் தந்திருக்கிறது. டேனரிக் கழிவால் பாலாறு பாழானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கல்லாக அது இன்றும் கற்பிக்கப்படுகிறது. அதே பாலாற்றுக்காக 2025இலும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்த இடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, என் ஹெல்மெட் பஞ்சைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த மனைவி கேட்டார்: “ஏங்க, அந்தத் தீர்ப்பு நம்ம வீட்டுக்குச் செல்லுமா, செல்லாதா?”

செல்லும். மேல்முறையீட்டுக்கு இடமில்லை. வியர்த்தவரே துவைக்க வேண்டும்.