கட்டுச்சோறும் கூட்டுச்சீட்டும்: ஓர் ஆராய்ச்சி

இல்லறத்தைப் பற்றி எழுதப் புகுந்த பெரியோர் அதன் தர்மங்களையும், துறவறத்தோடு ஒப்பிட்டால் அது உயர்ந்ததா தாழ்ந்ததா என்னும் விவாதத்தையும் மிக விரிவாக எழுதி வைத்திருக்கிறார்களே யொழிய, ஒரே ரயில் சீட்டில் இருவராகப் பிரயாணம் செய்யும் கணவன் மனைவியருள் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர் தலைவரா, சோற்றுப் பையைத் தோளில் மாட்டியிருப்பவர் தலைவரா என்னும் வினாவை அவர்களுள் ஒருவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. இக்குறையை நிவர்த்தி செய்வதே இந்த வியாசத்தின் நோக்கம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் பல ஆண்டுகளாக வசித்துவரும் ஒரு தமிழ்த் தம்பதியரே இந்த ஆராய்ச்சிக்கு ஆதாரம். ஒரே ஒரு தம்பதியை வைத்துக்கொண்டு பொதுவிதி காண முற்படலாமா என்று ஆட்சேபிப்பவர்களுக்கு, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியே போதிய சமாதானம். ஆராய்ச்சிப் பொருளே சோறாக இருக்கும்போது இதைவிடப் பொருத்தமான பிரமாணம் வேறு கிடைப்பதும் அரிது. அத்தம்பதியருள் ஆண்பாலாராகிய ஒருவர் நானே என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

முதலில் காலத்தை வரையறுக்க வேண்டும். அந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது கிழமைகளுள் ஒன்று மட்டுமன்று. அரசியல் சாசனத்தின் ஓர் அங்கம். வேலையினின்று ஓய்வதற்கும் ஆன்ம உயர்வுக்கும் உரிய நாளாக அது சட்டத்தால் காக்கப்படும் என்று 1919-ஆம் ஆண்டின் வைமர் அரசியல் சாசனம் 139-ஆம் விதியில் கூறிற்று. 1949-இல் எழுந்த புதிய சாசனம் தன் 140-ஆம் விதியால் அதை அப்படியே சுவீகரித்துக் கொண்டது. இதன் விளைவாகக் கடைகள் அடைத்துக் கிடக்கும். காலிப் புட்டிகளைத் தெருமுனைத் தொட்டியில் போடலாகாது. அடுக்குமாடி வீட்டில் துளையிடும் இயந்திரத்தை எடுப்பவன் அயலாரின் நட்பை அன்றோடு இழப்பான். தமிழ்க் குடும்பத்தை இந்த மௌன விரதம் தாக்கும் இடம் மிக்சி. நம்மவர் மிக்சியின் ஓசையை ஆன்ம உயர்வுக்கு உகந்த நாதமென்று ஜெர்மானியர் இன்னும் ஏற்றுக்கொள்ளாமையால், ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணத்துக்கு வேண்டிய புளியோதரைப் பொடியைச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குள், அதாவது இரவின் அமைதி நேரம் தொடங்குமுன், வறுத்து அரைத்து முடித்துவிடுவது எங்கள் வீட்டு நியமம். எத்தனையோ சனிக்கிழமைகளில் ஒன்பது ஐம்பதுக்கு மிளகாயும் தனியாவும் வாணலியில் சிவந்துகொண்டிருக்க, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தவண்ணம் நின்றதுண்டு.

தயிர்ச்சோற்றின் விஷயம் இதைவிட நுட்பமானது. ஊரில், விடியற்காலையில் குழைந்த சோற்றில் பாலை ஊற்றி, பிரைக்கென்று ஒரு கரண்டி தயிரைச் சேர்த்துப் பிசைந்து கட்டிக்கொண்டு புறப்பட்டால், வெயிலும் வண்டியின் குலுக்கலுமாகச் சேர்ந்து நண்பகலுக்குள் அதைப் பக்குவமான தயிர்ச்சோறாக்கிவிடும். பிரயாணமே அங்கே சமையலின் ஒரு பகுதி. இந்த ஞானத்தை மாற்றமின்றி, மியூனிக் அடங்கிய பவேரியாவுக்கு எடுத்துச் சென்ற என் மனைவி, வந்த முதல் ஆண்டு இலையுதிர் காலத்தில், பனிச்சிகரம் தெரிகின்ற ஓர் ஏரிக்கரையில் பாத்திரத்தைத் திறந்தபோது, காலையில் ஊற்றிய பால் பாலாகவே, சற்றும் மனம் மாறாமல், இருக்கக் கண்டாள். அன்றுமுதல் கொழுப்பு 3.5 சதவீதம் என்று மூடியில் அச்சிட்ட கடைத்தயிரையே நேராகப் பிசைவதென்றாயிற்று. தட்பவெப்பத்துக்குத் தக்கவாறு சாஸ்திரத்தைத் திருத்திக்கொள்ளும் இந்தப் பண்பு நம் புலவர்களிடத்தில் காணப்படுவது அருமை.

இனிச் சீட்டு. பவேரியா மாகாணம் முழுவதும் ஒரு நாள் சுற்றுவதற்கென்று ஒரு சீட்டு உண்டு. ஒருவருக்குரிய விலையோடு ஒரு சிறு தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் ஐவர்வரை அந்த ஒரே சீட்டில் அடங்குவர். வேலை நாட்களில் காலை ஒன்பது மணிக்கும், சனி ஞாயிறுகளில் நள்ளிரவுக்கும் உயிர்பெற்று, மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு அது உயிர்நீக்கும். விரைவு ரயில்களில் செல்லாது. ஊருக்கு ஊர் நின்று மூச்சுவாங்கும் வண்டிகளில் மட்டுமே செல்லும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் ரயில் நிலையம்வரை செல்லுமென்பது அதன் பெருமைகளுள் ஒன்று. போகிறவர்களின் பெயர்களை அதில் எழுதவேண்டும்; என் பெயருக்குக் கீழே மனைவியின் பெயரை எழுதும்போதெல்லாம், திருமணப் பதிவேட்டிலே கையெழுத்திட்ட நாள் எனக்கு நினைவுக்கு வரும். 2023 மே முதல் தேதியிலிருந்து ஆளுக்கொரு மாதச்சீட்டாக, தொடக்கத்தில் 49 யூரோ விலையில், நாடு முழுவதும் சுற்றும் வசதி வந்துவிட்டது. தம்பதியரைத் தனித்தனி மனிதராக்கிய அந்தச் சீர்திருத்தத்தின் சமூக விளைவுகளை எதிர்கால ஆராய்ச்சியாளர் கணக்கிடட்டும். இங்கே கூறப்போகும் சம்பவம் அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது.

அக்டோபர் மாதத்து வெயில் ஞாயிறு. டேகர்ன்சே ஏரிக்குப் போவதாக உத்தேசம். மியூனிக்கிலிருந்து தெற்கே அந்த மலையடிவாரத்துக்குப் போகும் வண்டி ஒரு விசித்திரப் பிறவி. புறப்படும்போது ஒன்றாக இருந்து, ஹோல்ட்ஸ்கிர்ஹன் நிலையத்தில் ஒரு கிளையைக் கழற்றிப் பைரிஷ்ட்ஸெல் பக்கம் அனுப்பிவிட்டு, அப்பால் ஷாஃப்ட்லாஹ் என்னும் சிற்றூரில் மறுபடியும் இரண்டாகப் பிரியும்: ஒன்று டேகர்ன்சேக்கு, மற்றது பாட் டோல்ஸ் வழியாக லெங்க்ரீஸுக்கு. கோத்திருக்கும் பகுதிகளுக்கிடையே உள்ளுக்குள் வழி கிடையாது. ஆகவே எந்தப் பகுதியில் ஏறுகிறோம் என்பதை அறிவது இப்பிரயாணத்தின் மூல தத்துவம். அறிவதற்குப் பிரமாணங்கள் மூன்றும் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் எழுதிக்காட்டும் ஊர்ப்பெயர் பிரத்தியட்சம். மலையேறும் கோலோடு ஏறுவோரையும் பட்டுக் கழுத்துத்துணியோடு ஏறுவோரையும் கண்டு ஊகிப்பது அனுமானம். ஒலிபெருக்கியில் நடத்துநர் பவேரியப் பேச்சுவழக்கில் அறிவிப்பது சப்தம். அது பெரும்பாலும் வெறும் சப்தமாகவே நின்றுவிடும் என்பது பரதேசிகளின் அனுபவம்.

மனைவி முன்னே போய் இடம்பிடித்தாள். நான் நடைமேடையில் காப்பி வாங்க நின்று, கதவு மூடும் ஓசை கேட்டுக் கைக்கெட்டிய வாசலில் பாய்ந்து ஏறினேன். முதல் பிரமாணத்தைப் பார்க்கவில்லை; இரண்டாவதற்கு அவகாசமில்லை; மூன்றாவது எனக்குப் புரியவில்லை. சற்றைக்கெல்லாம் தொலைபேசி ஒலித்தது.

"என்னங்க, எங்கே இருக்கீங்க?"

"ரயிலில்தான்."

"நானும் ரயிலில்தான் இருக்கேன். உங்களைக் காணோமே?"

இந்தச் சம்பாஷணையில் இரு தரப்பினர் கூறியதும் சத்தியமே என்பதைத் தர்க்கம் பயில்வோர் கவனிக்க வேண்டும். ஹோல்ட்ஸ்கிர்ஹனில் இறங்கி ஓடிப்போய் அவளிருக்கும் பகுதியில் ஏறிக்கொள்வது என்று முடிவு செய்தோம். அங்கே கையில் காப்பியோடு நான் இறங்குவதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கதவு மூடிவிட்டது. ஷாஃப்ட்லாஹில் வண்டி ஒரு சிறு குலுக்கலோடு இரண்டாயிற்று. ஏரியை நோக்கிப் போனது என் பகுதி. புளியோதரை, தயிர்ச்சோறு, மாவடு, மனைவி ஆகியவை லெங்க்ரீஸ் திசையில் சென்றன. இருவர் பெயரும் எழுதிய சீட்டு என்னிடம் இருந்தது.

டேகர்ன்சேயில் நான் போய் உட்கார்ந்த இடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனெனில் விதியின் பரிகாசம் அங்கேதான் முழுமை பெறுகிறது. 1812 ஜனவரியில் பவேரிய மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசேப்பு ஓர் ஆணை பிறப்பித்தார். மதுவடிப்போர் கோடை மாதங்களில் தங்கள் நிலவறைகளின்மேல் பீர் விற்கலாம். ரொட்டி தவிர வேறு உணவு விற்கலாகாது என்பது அதன் சாரம். உணவு விற்கும் விடுதிக்காரர்களின் பிழைப்பைக் காக்க எழுந்த அந்தத் தடையினால், மரநிழலில் குடிக்க வந்த ஜனங்கள் வீட்டிலிருந்தே சோற்றுமூட்டை கட்டிவரலாயினர். அந்த வழக்கம் நிலைத்து, 1999-இல் வந்த பீர்த்தோட்ட விதிகளிலும் இடம்பெற்றிருக்கிறது. மேசைவிரிப்பு போட்ட மேசையில் அவர்கள் பரிமாறுவதையே உண்ணவேண்டும்; விரிப்பில்லாத மேசையில் பானத்தை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு, நம் மூட்டையை நாம் அவிழ்க்கலாம். கட்டுச்சோற்றுக்கு இவ்வளவு தெளிவான அரசாங்க அங்கீகாரம் தமிழ்நாட்டிலும் கிடையாது! அதே மன்னர் 1817-இல் டேகர்ன்சேயின் பழைய மடாலயத்தை வாங்கித் தம் கோடை வாசஸ்தலமாக்கிக் கொண்டார். நமக்குச் சோறு கொண்டுவரும் உரிமை வாய்க்கக் காரணமான அந்த அரசரின் மாளிகைக்கு அருகே, விரிப்பில்லாத மேசையில், ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஒரு பானத்தை முன்னே வைத்துக்கொண்டு, சோறின்றி நான் அமர்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு குடும்பத்தார் கூடையைத் திறந்து முள்ளங்கியைத் திருகுசுருளாகச் சீவி உப்பிட்டுக் கொண்டிருந்தனர். ரொட்டி விலைக்குக் கிடைத்தது. ஆனால் கட்டுச்சோறு என்று ஒன்று உலகில் இருக்கும்போது காசு கொடுத்து உண்பது எங்கள் வம்சத்தில் இல்லை.

பாட் டோல்ஸை நெருங்குகையில் மனைவியிடம் பரிசோதகர் வந்தார். சீட்டின்றிப் பிரயாணம் செய்தால் அபராதம் 60 யூரோ. நான் தொலைபேசியில் அனுப்பியிருந்த சீட்டின் படத்தை அவள் காட்டினாள். அவர் அதை நெடுநேரம் உற்றுநோக்கி, "சீட்டு சரியான ஊருக்குத்தான் போயிருக்கிறது, அம்மணி, தாங்கள்தான் தவறிவிட்டீர்கள்" என்று சொல்லி, அடுத்த நிலையத்தில் இறங்கிக் கணவருக்காகக் காத்திருக்கும்படி பணித்துப் போய்விட்டாராம்.

இங்கேதான் நம் மூலவினாவுக்கு விடை கிடைக்கிறது. சோறு சீட்டிடம் வருவதா, சீட்டு சோற்றிடம் போவதா? சீட்டை உடையவன் அதிகாரமுடையவன், ஆகவே அவன் இருக்குமிடத்துக்கு ஏனையவை வந்து சேரவேண்டும் என்பது பூர்வபட்சம். தொலைபேசியில் நான் அதைச் சிறிது நேரம் வாதித்தும் பார்த்தேன். ஆனால் சீட்டில்லாத சோறு சட்டப்படி ஓர் அடியும் நகர இயலாது. நகரும் வல்லமை முழுவதும் சீட்டினிடமே இருக்கிறது. கர்ப்பக்கிருகத்தில் வீற்றிருக்கும் மூர்த்தி எழுந்து பக்தனிடம் வருவதில்லை. கால் படைத்த பக்தனே மலையேறிப் போகிறான். அதிகாரம் என்று நான் எண்ணியிருந்தது, ஆராய்ந்து பார்க்கையில், ஏவலாளுக்குத் தரும் வழிச்செலவாக முடிந்தது. அடுத்த வண்டியைப் பிடித்து, ஷாஃப்ட்லாஹில் இறங்கி மாறி, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் பாட் டோல்ஸ் நிலையத்துப் பெஞ்சை அடைந்தேன். பெஞ்சுக்கு மேசைவிரிப்பு இல்லை. மன்னரின் கட்டளைக்கும் முரணில்லை.

"பசி தாங்கலை. என் பங்கைச் சாப்பிட்டுட்டேன்" என்றாள். பிறகு கையை நீட்டி, "அந்தச் சீட்டை இப்படிக் கொடுங்க" என்று வாங்கி, புளியோதரை டப்பாவுக்கும் கரண்டிகளுக்கும் நடுவே, சோற்றுப் பையிலேயே போட்டுக்கொண்டாள். டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தாதது எங்கள் இருவருக்கும் தெரியாது. மாலையில் திரும்பும் வண்டியில் வந்த பரிசோதகர் சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நல்லெண்ணெயில் ஊறி, கையால் எழுதிய இரண்டு பெயர்களுள் மேலே இருந்தது முற்றிலும் கரைந்து போயிருந்தது. கீழே இருந்த பெயரை அவர் ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, என்னைச் சுட்டி, "இவர் தங்களோடு வருகிறவரா?" என்று என் மனைவியைக் கேட்டார்.