கொத்துரொட்டிக்குச் சட்டம் உண்டு

யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி இது. உணவகத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் திடீர்ச் சோதனை. கரப்பான் பூச்சி. நீதிமன்றம். தண்டம். கடைக்குச் சீல். நல்லது. கொத்துரொட்டிக்கு இந்த நாட்டில் பாதுகாப்பு இருக்கிறது. ஓட்டோ ஓடவும் எழுத்துப் பரீட்சை, ஓடிக்காட்டும் பரீட்சை, மருத்துவச் சான்றிதழ் எல்லாம் வேண்டும்.

ஓட்டிசம் உள்ள மூன்று வயதுப் பிள்ளையை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்த என்ன வேண்டும்? வாசலில் ஒரு பதாகை.

பேச்சுச் சிகிச்சையாளர் இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். இப்பிள்ளைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுப்பவருக்கோ பதிவேடே இல்லை. பதிவேடு இல்லாததால் பதியாதவர் என்றும் எவரும் இல்லை. ஆகவே எல்லோரும் தகுதியானவர்கள்!

மூன்று நாள் சூம் வகுப்பு. நான்காம் நாள் மண்டபம், மங்கள விளக்கு, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த பிரதம விருந்தினர், அவருக்கொரு பொன்னாடை, பொன்னிற முத்திரையோடு சான்றிதழ். ஐந்தாம் நாள் "சிகிச்சை நிலையம்". அங்கே ஒருவர் பிஸ்கட்டைத் தன் மூக்குக்கு நேரே பிடித்து "என்னைப் பார், என்னைப் பார்" என்கிறார். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறது. வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் தாய். "நீங்கள் உள்ளுக்கு வந்தால் பிள்ளை குழம்பிடும் அம்மா, இருங்கோ." ரசீது எழுதும்போது மட்டும் யாருக்கும் குழப்பமில்லை.

அமெரிக்காவில் இந்த நடத்தைப் பயிற்சித் தொழிலின் அடிப்படி, ஆர்.பி.டி. (Registered Behavior Technician) என்ற தகுதி. 18 வயது, உயர்பாடசாலைப் படிப்பு, 40 மணிநேரப் பயிற்சி, செய்முறை மதிப்பீடு, பரீட்சை. அதற்குப் பிறகும் மாதாமாதம் வேலை நேரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்காவது மேற்பார்வை. இது போதாது என்று அங்கேயே சண்டை. அந்தக் குறைந்த தகுதிக்கும் 2023 முதல் இலங்கையிலிருந்து விண்ணப்பிக்க முடியாது. உங்கள் பாட்டை நீங்களே பாருங்கள் என்று கதவடைத்துவிட்டார்கள்.

நாங்கள் என்ன பார்த்தோம்? ஓட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 இல் நீல விளக்கு. நீல ரீ-சேர்ட். நடைபவனி. முன்வரிசையில் அதிகாரிகள், படம் பிடிக்கும் வரைக்கும்.

சட்டம் இல்லாமலா? வலுவிழந்தோர் உரிமைக்கு 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதே உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தில் 2007 இல் கையெழுத்திட்டு 2016 இல் ஏற்புறுதி செய்தார்கள். போட்ட கையெழுத்தை உறுதிப்படுத்தவே ஒன்பது வருடம். பிள்ளையின் மூளை நன்றாக வளையும் காலமோ முதல் ஐந்து வருடம்.

முறையாகப் படித்து, பொறுமையாக உழைப்பவர்களும் இந்தக் குடாநாட்டில் இருக்கிறார்கள். அவர்களையும் பதாகைக்காரரையும் ஒரு தாய் எதைக்கொண்டு பிரித்தறிவாள்? மாகாண சுகாதாரத் துறை ஒரு பதிவேட்டைத் திறக்கட்டும். குறைந்தபட்சப் பயிற்சியையும் மேற்பார்வையையும் எழுத்தில் வைக்கட்டும்.

அதுவரை, பெற்றோரே, பயிற்சி கொடுப்பவரிடம் "யாரிடம் பயின்றீர்கள், உங்களை மேற்பார்வை செய்வது யார்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்தும் இடத்தில் காசு கட்டாதீர்கள்.